வண்டியில் இருந்ததாகச் சொன்னவர்

நகராட்சி என்ஜினியரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவருக்கு வாழ்க்கையில் பெரிதாக ஆசைகள் கிடையாது. தற்காலிகமாகக் கிடைத்த வேலை நிரந்தரமாக வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் கணக்கில் கெட்டிக்காரியாகி, தன்னைப் போல அடுத்தவர் ஏறுவதற்குக் கதவு திறந்துவிடும் பிழைப்புக்கு வராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் ஆசை என்ஜினியரின் கையில் இருந்தது. அதனால் அவருக்குத் தலைவலி என்றால் டிரைவருக்குக் காய்ச்சலே வந்துவிடும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். இரண்டாவது ஆசைக்கு அவர் தன்னாலானதை எல்லாம் செய்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் சமூக அறிவியல் டீச்சரோடு அவருக்கு முதல் உரசல் வந்தது. ஒல்லியான உருவம், அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல் அந்த அம்மாளுக்கு. வாரத்தில் அத்தனை பீரியட் அந்தப் பாடத்துக்கு எதற்கு என்று ஏற்கெனவே சில பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் எழுந்து அதை வாய்விட்டே கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். எந்த ராஜா எந்த வருஷம் செத்தான்னு தெரிஞ்சு இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணப் போகுதுங்க? அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தா புண்ணியமாப் போகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

“ராஜா செத்த வருஷம் எனக்கே அப்பப்ப மறந்துபோகும் சார். அது கிடக்கட்டும். உங்க தெருவுல தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவீங்க?”

“எனக்கென்ன, நேரா எங்க என்ஜினியர்கிட்ட சொல்லிடுவேன்.”

“சரி. என்ஜினியரைத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?”

டிரைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார். 

“அதுதான் சார் என் பாடம்” என்றார் டீச்சர். “அதுக்குள்ள ராஜாவும் வருவார், மலையும் ஆறும் வரும், தேர்தலும் வரும். ஆனா கடைசியில இதுதான்.”

டிரைவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், மருந்துக் கடையில் பில் போட்டுவிட்டு அப்போதுதான் களைத்து வந்திருந்த மனைவியிடம், அந்த டீச்சருக்கு வாய் நீளம் என்று பொரிந்து தள்ளினார். உங்கள் மகளுக்கு மட்டும் என்ன குறைச்சலாம் என்று அவள் கேட்டாள். உண்மைதான். எதற்கெடுத்தாலும் ஏன், யார், எப்போது என்று குடைவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்றே பட்டப்பெயர். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் கண்ணாடிக்காரச் சிறுமிக்கு சோடாபுட்டி. ஒருத்தி இருக்கும் இடத்தில் இன்னொருத்தியும் இருப்பாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்பு உள்ளாட்சி பற்றிய பாடம் வந்தது. டீச்சர் அதை வாசித்துக் காட்டி, அடிக்கோடு போடச் சொல்லி முடித்துவிடவில்லை. உங்கள் தெருவில் நகராட்சி பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், அது எப்படி இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள், பிறகு பொறுப்பானவரிடம் நேரில் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் காலையில் பிள்ளைகளை வரிசையாக நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்தும் வந்துவிட்டார்.

என்ஜினியருக்கு அன்று நல்ல மனநிலை. பிள்ளைகளைத் தன் அறைக்குள்ளேயே வரச்சொல்லி, பிஸ்கட் வாங்கிவரச் செய்து, அவர்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றது டிரைவர்தான். தெருவிளக்கு பற்றி ஒரு பையன் கேட்டான், குப்பைத்தொட்டி பற்றி ஒருத்தி கேட்டாள். எல்லாவற்றுக்கும் என்ஜினியர் வேடிக்கையாக ஏதோ ஒரு பதில் சொன்னார். பிறகு டிரைவரின் மகள் எழுந்தாள்.

“சார், கால்வாய் மேல இருக்கிற இரும்பு நடைபாலத்துல நடுத்தகடு ஒரு பக்கம் கழண்டு தொங்குது. கீழே தாங்குற கம்பியும் துருப்பிடிச்சு உதிருது. நாங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம். அதைச் சரி பண்ண வேண்டியது யாரு சார்?”

“நாங்கதான் பாப்பா.”

“எப்ப பண்ணுவீங்க?”

“பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்.”

“எப்பன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும் சார். இவளோட அம்மா தினமும் அதுலதான் வேலைக்குப் போறாங்க” என்று பக்கத்தில் நின்ற சோடாபுட்டியைக் காட்டினாள்.

டிரைவரின் கையில் தட்டு சாய்ந்தது. தட்டில் இருந்த பிஸ்கட் ஒன்று நழுவி விழுந்தது. என்ஜினியரின் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கண்கள் மாறிவிட்டன. மழைக்கு முன்னாடி பண்ணிடுவோம் என்று சொல்லி, அடுத்த பையனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மாலையில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என்ஜினியர், அது உன் பொண்ணா என்று கேட்டார். ஆமாம் சார் என்றார் டிரைவர். நல்லாப் பேசுறா, கொஞ்சம் அடக்கி வை, பொம்பளைப் பிள்ளை பாரு என்று மெதுவாகச் சொன்னார் என்ஜினியர். அந்த மெதுவான குரலை டிரைவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் மகளைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்றார், வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாள் என்றார். மகள் அழவில்லை. தான் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லையே, மரியாதையாகத்தானே கேட்டேன், கேட்டால் பதில் சொல்வது அவர்கள் கடமை என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்றாள்.

“புத்தகத்துல ஆயிரம் போட்டிருக்கும்” என்றார் அவர். “சோறு போடுறது புத்தகம் இல்ல.”

மழை வந்தது. பாலத்தின் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விடாமல் கொட்டிய ஒரு வாரத்தின் முடிவில், ஆட்கள் வேலைக்குப் போகிற காலை நேரத்தில், நடைபாலத்தின் நடுப்பகுதி மடிந்து கால்வாய்க்குள் விழுந்தது. அப்போது அதன் மேல் நடந்துகொண்டிருந்தவர்களில் மற்றவர்கள் எப்படியோ கம்பியைப் பிடித்துத் தப்பிவிட்டார்கள். அக்கரையில் இருந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சோடாபுட்டியின் அம்மா மட்டும் தப்பவில்லை. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போய் மதகில் சேர்த்திருந்தது.

என்ஜினியரை அங்கே அழைத்துக்கொண்டு போனது டிரைவர்தான். கரையில் ஒரு தார்ப்பாயை விரித்து அவளைக் கிடத்தியிருந்தார்கள். வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவளுடைய புருஷன், வேலை உடுப்போடு ஓடி வந்தவர், அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்துக்கொண்டே இருந்தார். வழிக்க வழிக்க மழை பெய்துகொண்டிருந்தது. டிரைவரால் அங்கே நிற்க முடியவில்லை. ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

என்ஜினியர் வந்து ஏறினார். யாரிடமோ போனில், பாலம் பழுதாக இருந்தது என்று யாரும் எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

“யாராவது வந்து சொன்ன மாதிரி உனக்கு ஞாபகம் இருக்கா?”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். “என்ன சார்?”

“அதான். எனக்கும் இல்ல” என்றார் என்ஜினியர். “உன் நிரந்தர விஷயம் மேல போயிருக்கு. இந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சதும் பார்த்துடலாம்.”

விசாரணை என்று அறிவித்தார்கள். விவரம் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை. அன்று அலுவலகத்துக்குப் போனது சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்று தலைமையாசிரியர் கைகழுவிவிட்டார். பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்கு நகராட்சி அனுமதி இன்னும் பாக்கி இருந்தது. கூடப் போன பிள்ளைகளின் வீட்டில், நமக்கெதற்கு வம்பு என்று அவரவர் பிள்ளையைப் பொத்திவைத்துக்கொண்டார்கள். டிரைவரும் மகளைக் கூப்பிட்டு, நீ அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டார். அவர் மச்சினன் வேறு வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த வேலையை வாங்கித் தருவதற்குத் தான் எத்தனை பேர் காலைப் பிடித்தேன் என்று அக்காவிடம் ஆதியிலிருந்து ஆரம்பித்தான். மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

விசாரணை நகராட்சிக் கூட்ட அறையில் நடந்தது. என்ஜினியரை இறக்கிவிட்ட டிரைவர், வண்டியில் இருக்கப் பிடிக்காமல் பின்வரிசைச் சுவரோரம் போய் நின்றார். முதலில் டீச்சர் எழுந்து, தான் பிள்ளைகளை அழைத்து வந்ததையும், பாலத்தைப் பற்றிக் கேட்டதையும், மழைக்கு முன் சரிசெய்வதாக என்ஜினியர் சொன்னதையும் கோர்வையாகச் சொன்னார். கேட்டது யார் என்று விசாரணை அதிகாரி கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்குள், வெல்டருக்கும் சோடாபுட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய தன் மகள் அது என்று டிரைவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

அவள் குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தை கூடக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. தகடு தொங்கியது, கம்பி உதிர்ந்தது, தான் கேட்டது, அவர் சொன்னது.

என்ஜினியர் கோபப்படவே இல்லை. குழந்தை ஏதோ குழப்பிக்கொள்கிறது, பாவம், தோழியின் அம்மா இல்லையா என்று பரிவோடு சொன்னார். “இந்தக் குழந்தையோட அப்பாவே என்கிட்டதான் வேலை பார்க்குறார். அன்னைக்கு அவரும் ஆபீஸ்லதான் இருந்தார். அவரையே கேட்டுடுங்களேன்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளும் திரும்பினாள். அப்பா அங்கே நிற்பது அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் முகத்தில் பயம் இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அதைப் பார்த்ததும் டிரைவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த நேரத்துல நீங்க எங்கே இருந்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“நான் வண்டியில இருந்தேன் சார்.”

“அப்ப உங்க பொண்ணு சொல்றது?”

“எனக்குத் தெரியாது சார். சின்னப் பொண்ணு. டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுது போல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது ஏன் தன் வாயிலிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ முறை அவர் யோசித்தும் பிடிபடவில்லை. மகள் உட்கார்ந்துவிட்டாள். சோடாபுட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டதை மட்டும் டிரைவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. எதிர்பாராத வெள்ளத்தால் பாலம் விழுந்தது, பழுது பற்றி முன்கூட்டியே யாரும் தகவல் தரவில்லை என்று விசாரணை முடிந்தது. பலத்த மழை நேரத்தில் கவனமில்லாமல் பாலத்தில் ஏறியது இறந்தவளின் தவறு என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மாணவர்களைப் பொய் சொல்லத் தூண்டினார் என்று டீச்சரை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த இடத்துக்கு ஆள் போடாமல், சமூக அறிவியல் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்கே கொடுத்துவிட்டார்கள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சோடாபுட்டி படிப்பை நிறுத்தினாள். டிரைவருக்கு வேலை நிரந்தரமானது. அலுவலகத்தில் கைகுலுக்கினார்கள். கேலி செய்கிறவர்கள் மட்டும் இப்போது கேலி செய்வதில்லை. அவர் டீக்கடைக்கு வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

வீட்டில் மகள் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கூப்பிட்டால் வந்தாள். கேள்வி கேட்பதைத்தான் விட்டுவிட்டாள். வாசலில் தண்ணீர் லாரி வந்தாலும் சரி, தெருவை வெட்டிப் போட்டாலும் சரி, நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அந்த நிசப்தம் டிரைவருக்குப் பழகவே இல்லை.

பரீட்சை முடிந்து பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கணக்கில் மகள் முழு மதிப்பெண். வாத்தியார் வாயெல்லாம் பல்லாக அதைச் சொல்லிவிட்டு, சமூக அறிவியலில் மட்டும் ஒரு வரி கூட எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்துவிட்டாள் என்றார்.

“அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அந்தப் பாடத்துக்கு எல்லாருக்கும் பாஸ் போட்டுடுறோம். நீங்களே முன்னாடி சொன்னவர்தானே.”

வீட்டுக்கு வந்ததும் டிரைவர் மகளைக் கேட்டார். ஏன் எழுதவில்லை?

“தெரியாது.”

“உனக்கா தெரியாது? குடிமக்களோட உரிமை என்ன, கடமை என்னன்னுதானே கேட்டிருக்காங்க. நீ தூக்கத்துல கூடச் சொல்லுவியே.”

அவள் அவரை நேராகப் பார்த்தாள். “எனக்கு எதுவும் தெரியாதுப்பா. நான் வண்டியில இருந்தேன்.”

அவளை அடிக்கக் கை ஓங்கவில்லை அவர். அப்படியே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அடுப்படியில் நின்ற மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே தெரியும் என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

மறுநாள் அவர் லீவு சொல்லிவிட்டு விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். தான் சொன்னது பொய், மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார். அந்த விசாரணை முடிந்துபோன கதை, இனிமேல் இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். வேறு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்தவர் தோளைக் குலுக்கினார். டிரைவர் அந்த நீண்ட வராந்தாவில், ஒவ்வொரு கதவிலும் எழுதியிருந்த பலகையை வாசித்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் அரசாங்க வண்டி ஓட்டியிருக்கிறார். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், அவர்களிடம் எதைக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது என்ஜினியரை மட்டும்தான். இதை அவரிடம் போய்க் கேட்க முடியாது.

டீச்சர் இப்போது பேருந்து நிலையத்தருகே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். டிரைவர் போய் நின்றதும் மிஷினை நிறுத்தாமலே என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

“அதை என்கிட்ட கேட்காதீங்க” என்றார் டீச்சர். “எனக்கு அதைக் கேட்கத் தெம்பு இல்லை. செத்துப்போனவளோட புருஷன் கோர்ட்ல மேல்முறையீடு போட்டிருக்கார். சாட்சி இல்லாம தள்ளுபடி ஆகப் போகுது. நிஜமாவே சொல்றதா இருந்தா அவர்கூடப் போய்ச் சொல்லுங்க. போனா வேலை போயிடும். அதையும் தெரிஞ்சுக்கிட்டே போங்க. பாதியில திரும்பி வந்து அந்த மனுஷனை இன்னொரு தடவை கொல்லாதீங்க.”

வெல்டிங் பட்டறையில் வெல்டர் முகமூடியைத் தூக்கி அவரைப் பார்த்தார். டிரைவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சா என்று மட்டும் கேட்டார். பிறகு கோர்ட்டுக்கு வர வேண்டிய தேதியைச் சொல்லிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டார்.

டிரைவர் கோர்ட்டில் சொன்னார். கையில் பிஸ்கட் தட்டோடு கதவோரம் நின்றதையும், மகள் கேட்டதையும், என்ஜினியர் சொன்ன பதிலையும் சொன்னார். கரையில் ஜீப்புக்குள் நடந்த பேச்சையும் விடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல், அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்வதாக எப்படி நம்புவது என்று குடைந்து எடுத்தார்.  நம்ப வேண்டாம் சார், ஆனால் நடந்தது இதுதான் என்றார் டிரைவர்.

அந்த வாரமே அவர் வேலை போனது. பொய்ச் சாட்சி சொன்னதாக அவர் மேலேயே வழக்கு ஒன்று பாய்ந்தது. என்ஜினியர் வேறு ஊருக்கு மாற்றலாகி, இன்னும் பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மச்சினன் வருவதை நிறுத்திக்கொண்டான். டீச்சரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வெல்டரின் வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, அது ஒன்றுதான் நடந்தது. இறந்தவளின் தவறு என்ற வரியை நீக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டார். மற்றது தவணை தவணையாக நீண்டுகொண்டிருந்தது.

டிரைவர் ஒரு சரக்கு வண்டியில் கூலிக்கு ஓட்டப் போனார். ஒவ்வொரு தவணைக்கும் தவறாமல் போய் வெல்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரு தவணைக்குப் பள்ளி விடுமுறை. நானும் வருகிறேன் என்று மகள் தானாகவே கிளம்பினாள். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை, இன்னொரு தேதி கொடுத்தார்கள். வெளியே வந்து அப்பாவும் மகளும் கால்வாயைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பாலம் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் முள்கம்பி கட்டியிருந்தது.

“அப்பா, ஒண்ணு கேட்கவா?”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. டிரைவர் நின்றுவிட்டார். கேளு என்றார்.

“அன்னைக்கு என்னைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்களே, ஏன்?”

வேலை, வீடு, அவள் படிப்பு என்று சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. 

“பயம்மா” என்றார்.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு” என்றாள் மகள். அவருக்காகக் காத்திருக்காமல் முன்னால் நடந்தாள். அவர் தன் நடையை எட்டிப் போட்டார்.